மூன்றாவது வளைவில் நண்டு

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற ஆள் நேராக நடக்க முடியாது. ஆள் உயரக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வாசல் நிலையிலும் படிக்கட்டிலும் பக்கவாட்டில்தான் நகர வேண்டும். இருபத்தாறு வருஷம் அப்படி நகர்ந்து நகர்ந்து அவருக்கு அதுவே நடையாகிவிட்டது. கடையில் யாரோ விளையாட்டாக ‘நண்டு’ என்று கூப்பிட, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது கரன்ட் பில்லில் மட்டும்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நடைக்குத் தனி மரியாதை. ஊர்க் கடைசியில் ஒரு பழைய குடோன், அதன் பின்னால் ரிமோட் கார் ரேஸ் நடக்கிற மண் டிராக். கார் ஒவ்வொன்றும் முழங்கை நீளம்தான். ஆனால் வேகம் பேய் வேகம். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் மர மேடைமேல் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். கார் கவிழ்ந்தால் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. கீழே வளைவுக்கு ஒரு ஆள் நின்று, ஓடிப்போய் நிமிர்த்திவிட வேண்டும். அவர்தான் மார்ஷல்.

மார்ஷல் வேலை யாருக்கும் பிடிக்காது. ஒரு ரேஸ் ஓட்டி முடித்தவர் அடுத்த ரேஸுக்கு மார்ஷலாக நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அவர் எடுத்த நேரம் செல்லாது என்று கிளப்பில் சட்டம். அதனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். நண்டு மட்டும்தான் கேட்டு வாங்கி நிற்கிற ஆள். கார் ஓட்ட அவரும் ஒரு தடவை முயன்று பார்த்தார். அது வேலியைத் தாண்டிப் போய் டீ கேனில் முட்டி நின்றது. அன்றோடு ரிமோட்டுக்கு ஒரு கும்பிடு.

மூன்றாவது வளைவு அவருடையது. மேட்டில் ஏறிக் குதித்து வருகிற கார்கள் பாதி அங்கேதான் குட்டிக்கரணம் போடும். ஆரஞ்சு வெஸ்ட்டும் கையுறையும் போட்டுக்கொண்டு, வருகிற கார்களுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே ஓடுவார். முதுகைக் காட்டினால் கணுக்கால் காலி. இரண்டு கார்களுக்கு நடுவே இடைவெளி பார்த்துப் புகுவார், திருப்புவார், மூக்கு சரியான பக்கம் பார்க்கிறதா என்று ஒரு பார்வை, உடனே பின்வாங்கிவிடுவார். முதலில் விழுந்தது முதலில் எழ வேண்டும். யார் கார் என்று பார்க்கவே கூடாது. பதினாலு வருஷமாக அவர்மேல் ஒரு புகார் கிடையாது.

அவருடைய மகள் அந்த மேடையிலேயே வளர்ந்த பெண். வயிற்றில் ஏழு மாதம் ஆகும்வரை ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. குழந்தை பிறந்து ஐந்து மாதம் கழித்து அன்றைக்குத்தான் திரும்ப வந்திருந்தாள். பேரப்பிள்ளையும் மாப்பிள்ளையோடு வந்திருந்தான். பேட்டரி சார்ஜர்களுக்கும் ஸ்க்ரூடிரைவர்களுக்கும் நடுவில், மேஜைமேல் ஒரு கூடையில் ராஜா மாதிரி படுத்திருந்தான். கார்கள் ‘ஙீ’ என்று கத்திக்கொண்டு ஓடுகிறவரை தூங்குவான், ரேஸ் முடிந்து சத்தம் நின்றால் எழுந்து அழுவான். இப்படி ஒரு பிள்ளை உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று நண்டு காலையிலிருந்து ஆறு பேரிடம் கேட்டுவிட்டார். ஆறாவது ஆள் டிராக்கில் டீ விற்கிற டீக்காரர். ஏற்கெனவே ஒரு தடவை அவரிடம் கேட்டாயிற்று.

வெளியூர்ப் போட்டிக்குக் கிளப்பிலிருந்து நாலு பேர் போக வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டது. மிச்சம் ஒரு இடம். மகளா, கிளப்பில் அவளுக்குச் சமமாக ஓட்டுகிற பல் டாக்டரா? அன்றைய ஏழு நிமிஷ ரேஸில் இந்த இரண்டு பேரில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு அந்த இடம். ஐந்து மாதமாக மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போதுகூட கட்டைவிரல் ரிமோட் பிடிக்கிற மாதிரியே ஆடிக்கொண்டிருந்ததை நண்டு பார்த்திருக்கிறார்.

ரேஸுக்கு முன்னால் பல் டாக்டர் மேடை ஏறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

“எனக்கென்ன அண்ணே, நான் தனி ஆளு. உங்க பொண்ணுக்கு மூணாவது வளைவுல சொந்த ஆளு நிக்குது!”

எல்லாரும் சிரித்தார்கள். நண்டும் சிரித்தார். ஆனால் வளைவுக்குப் போகிற வழியில் கையுறையை இரண்டு தடவை கழற்றி மாட்டினார்.

ஐந்தாவது நிமிஷம். மேட்டிலிருந்து மகளுடைய மஞ்சள் கார் குதித்து, டிராக் ஓரப் பலகையில் இடித்து, நண்டின் காலடியில் மல்லாந்தது. ஒரு கண் சிமிட்டு நேரம் கழித்து டாக்டருடைய நீலக் கார் அதில் இடறிப் பறந்துபோய் நாலடி தள்ளி விழுந்தது. நண்டு குனிந்தார். கை மஞ்சள் காருக்குப் போயிற்று. ‘சொந்த ஆளு’ என்று காதுக்குள் யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. கை அப்படியே நின்றது. மஞ்சளைத் தாண்டிப் போய் நீலத்தை நிமிர்த்திவிட்டு, திரும்பி வந்து மஞ்சளை நிமிர்த்தினார். அதற்குள் மூன்று செகண்ட் போய்விட்டது.

ரேஸ் முடிந்தபோது டாக்டருக்கும் மகளுக்கும் நடுவில் ஒரே ஒரு செகண்ட். டாக்டர் முன்னால்.

ஒருத்தர் வந்து, “நண்டுன்னா நண்டுதான்யா, பொண்ணு காருன்னுகூட பாக்கலியே!” என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

ஓட்டி முடித்தவர்கள் அடுத்த ரேஸுக்கு மார்ஷலாக இறங்கினார்கள். மகளும் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். நாலாவது வளைவு அவளுக்கு. அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பலகைதான். ரேஸ் தொடங்கியது. அவள் டிராக்கைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்:

“எது முதல்ல விழுந்துச்சுப்பா?”

“உன்னோடதும்மா.”

“தெரிஞ்சுதானே அவரோடத தூக்குனீங்க?”

நண்டு ஒரு காரை நிமிர்த்திவிட்டு வந்தார். “நாலு பேரு என்ன சொல்லுவாங்கன்னு...”

“அந்த நாலு பேருகிட்ட நல்ல பேரு வாங்க என் மூணு செகண்டுதான் கெடச்சுதா உங்களுக்கு?”

“தப்புதாம்மா.”

“வேற யாராவது உங்க பொண்ணா இருந்திருந்தா எனக்கு நியாயம் கெடச்சிருக்கும்!” என்றாள். சொல்லும்போதே ஒரு கார் அவளுடைய வளைவில் கவிழ, மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓடிப்போய் நிமிர்த்திவிட்டு வந்தாள்.

பதினாலு வருஷத்தில் இன்றைக்குத்தான் யார் கார் என்று பார்த்தோம், அதற்குப் போய் முதுகில் தட்டு வாங்கினோமே என்று நண்டுக்கு உடம்பெல்லாம் கூசியது.

ரேஸ் முடிந்ததும், மைக்கில் அறிவித்து ரேஸை நடத்துகிற மைக்காரரிடம் நேராகப் போனார். மைக்காரர் வாரத்தில் ஆறு நாள் தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிறவர். எதையும் ஓங்கிக் குத்தித்தான் பேசுவார்.

“ஐயா, நான் தப்பு பண்ணிட்டேன். என் பொண்ணு காருதான் முதல்ல விழுந்துச்சு. வேணும்னே ரெண்டாவதா தூக்குனேன்.”

“என்னய்யா இது! சொந்தக்காரங்களுக்குச் சாதகமா பண்ணிட்டாங்கன்னு வருஷத்துக்குப் பத்து பஞ்சாயத்து வரும். பாதகமா பண்ணிட்டேன்னு நீதான்யா மொத ஆளு. இதுக்குச் சட்டமே இல்லையே!”

மைக் அணைக்காமல் இருந்தது. குடோன்வரைக்கும் கேட்டுவிட்டது. குழந்தையோடு நின்ற மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார், டீக்காரர் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து பல் டாக்டரைப் பார்த்தார்கள். டாக்டர் தலையைச் சொறிந்தார்.

“ரிசல்ட் ரிசல்ட்தான்னு நான் சொல்லலாம். ஆனா பக்கத்துப் பல்ல புடுங்கிட்டு, புடுங்குனது புடுங்குனதுதான்னு பேஷன்டுகிட்ட சொல்ல முடியுமா? நாங்க ரெண்டு பேரு மட்டும் மறுபடியும் ஓட்டுறோம். அஞ்சு நிமிஷம். என்னம்மா?”

மகள் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “சரி டாக்டர். பேட்டரிக்குச் சார்ஜ் போடணும், புள்ளைக்குப் பால் குடுக்கணும். அரை மணி நேரம் குடுங்க.”

“மூணாவது வளைவுல வேற ஆளப் போடவா?” என்றார் மைக்காரர்.

“எதுக்கு? எங்கப்பாவே நிக்கட்டும்,” என்றாள் மகள். அப்பா பக்கம் திரும்பி, “இந்தத் தடவ காரைப் பாருங்க. ஊரைப் பாக்காதீங்க,” என்று சொல்லிவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டு குடோனுக்குள் போனாள்.

அரை மணி நேரம் கழித்து இரண்டே கார்கள் கிளம்பின. இரண்டாவது சுற்றில் நீலக் கார் மேட்டிலிருந்து தலைகுப்புற விழுந்தது. அதன் சக்கரம் காற்றில் சுற்றி முடிவதற்குள் நண்டு அதை நிமிர்த்திவிட்டார். நாலாவது சுற்றில் மஞ்சள் கார் பலகையோரம் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதையும் அதே வேகத்தில் நிமிர்த்தினார். அப்போது அவர் பார்த்தது நாலு சக்கரமும் ஒரு மூக்கும்தான். பிறகு எதுவும் விழவில்லை. கடைசிச் சுற்றில் இரண்டும் உரசிக்கொண்டே வந்து கோட்டைத் தாண்டின. யார் முன்னால் என்று நண்டுக்குத் தெரியவில்லை. மைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு மகளுடைய வண்டி எண்ணைச் சொன்னார். முக்கால் செகண்ட் வித்தியாசம்.

சத்தம் நின்றதும் பேரன் எழுந்து வீல் என்று கத்தினான்.

டாக்டர் மேடையிலிருந்து இறங்கி வந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“எல்லாம் அப்பா தூக்கிவிட்ட புண்ணியம்!”

“ஆமா டாக்டர், உங்க காரையும் நாந்தான் தூக்குனேன். புண்ணியத்துல உங்களுக்கும் பங்கு இருக்கு,” என்றார் நண்டு.

டாக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் கையுறை போட்ட அப்பாவின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு, அழுகிற பிள்ளையைப் பார்க்க ஓடினாள். நண்டும் பின்னாலேயே போகத் திரும்பினார். அதற்குள் மைக்காரர் அடுத்த ரேஸுக்கு ஆள் கூப்பிட்டுவிட்டார். பேரனை மகள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டு, வெஸ்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு வளைவுக்குப் போய் நின்றார்.