டீச்சரின் கார்பன் சைக்கிளும் என் சகலையும்

1. கேசரி

என் சகலை கடை திறந்த அன்று எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். நான் சாப்பிடவில்லை. சுகர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சுகர் கிடையாது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை ராணியின் கணவர். பெயர் கோவிந்தராஜ். நான் தர்மபுரியில் முப்பது வருஷமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அவருக்கு ஸ்பானர் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நான். பெண் பார்த்து முடித்து வைத்ததும் நான். என்னிடம் நாலு வருஷம் வேலை செய்துவிட்டு பெங்களூர் போனார். அங்கே ஒரு பெரிய கடையில், இரும்புக்குப் பதில் கார்பன் இழையில் செய்கிற எடை குறைந்த கார்பன் சைக்கிள் வேலையெல்லாம் கற்றுக்கொண்டு திரும்பி வந்து, சேலம் ரோட்டில் கண்ணாடி போட்ட கடை திறந்துவிட்டார். இங்கே எழுதும்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாட்களில் மனசுக்குள் 'அவன்' என்றுதான் ஓடும்.

அவர் கடையில் ஏசி உண்டு. சைக்கிள்களைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார். கறுப்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பார். அன்று வீடு திரும்பும்போது என் மனைவி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்:

"ராணி வூட்டுக்காரரு ஏப்ரன் கட்டிக்கிட்டு டாக்டரு மாதிரி நிக்கறாரு. நீங்களும் ஒன்னு கட்டிக்கலாமில்ல? சட்டையெல்லாம் கிரீஸா கெடக்குது."

"கிரீஸ் படாம சைக்கிள் வேலை பாக்கறவன் வேலையே பாக்கலன்னு அர்த்தம்" என்றேன். இந்தப் பேச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

என் கடை ஒன்றும் படுத்துவிடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டி, கியர் சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக சைக்கிள் ஓட்டுகிறவர்களின் அலுமினியம் வண்டி எல்லாம் என்னிடம்தான் வந்துகொண்டிருந்தன. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனாலும் சேலம் ரோட்டில் போகும்போது அந்தக் கண்ணாடிக்குள் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாமல் போனதில்லை.

2. புதுசா, பழசா

ரேவதி டீச்சர் இண்டூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரும் ஒருவர். ஏழெட்டு வருஷமாக என் கஸ்டமர். ஒரு நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இருநூறு கிலோமீட்டர் ரைடு ஒன்னு வருதுங்க, ரெண்டு மாசத்துல. இந்த வண்டியில முடியாது. கார்பன் ரோட் பைக் வாங்கலாம்னு இருக்கேன். கோவிந்தராஜ் கடையில புதுசு ஒன்னு பாத்தேன், நல்லாருக்குது. மொரப்பூர்ல ஒரு பையன் பழசு தரான். மூணு வருஷம் ஓட்டுனது. பாதி விலை, ஆனா புதுசை விட கியர் செட்டெல்லாம் ஒசத்தி. எத வாங்கட்டும்?"

நியாயமாக நான் என்ன கேட்டிருக்க வேண்டும்? வண்டி விழுந்திருக்கிறதா, பில் இருக்கிறதா, பிரேம் சைஸ் அவருக்குப் பொருந்துமா என்றெல்லாம் கேட்டிருக்க வேண்டும். பழைய வண்டிக்குக் கம்பெனி வாரண்டி பெரும்பாலும் வராது, அதையும் சொல்லியிருக்க வேண்டும். கோவிந்தராஜ் என்ற பெயர் காதில் விழுந்ததுமே எனக்குக் காதில் புகை வந்துவிட்டது.

"பழசே வாங்குங்க டீச்சர். கடைக்காரன் ஏசி பில்லையும் சேத்துத்தான் உங்க தலையில கட்டுவான்."

"அது அவரு உங்க சகலைதானுங்களே?"

"அதனாலதான் சொல்றேன்."

வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே சொன்ன பதில் அது.

3. மொரப்பூரில்

பிரவீண் என்கிற அந்தப் பையன் சாஃப்ட்வேர் வேலை. கனடா போகிறான், அதனால் விற்கிறான். அவன் வீட்டுக்கு டீச்சரும் நானும் போனோம். முந்தைய இரண்டு நாளும் போனில் வீடியோ பார்த்தே பாடம் படித்திருந்தேன். அதுவரை கார்பன் வண்டியில் நான் கை வைத்ததில்லை. டீச்சரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால், 'அப்ப கோவிந்தராஜைக் கூப்பிடலாமே' என்பார்.

ஆனால் சோதனையை ஒழுங்காகத்தான் செய்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ளலாம். வண்டியை முதலில் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அழுக்கு விரிசலை மறைக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஹேண்டில் பாருக்குக் கீழே, பெடல் அச்சைச் சுற்றி, பின்சக்கரத்துக்குப் போகும் குழாய்கள், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் 'டிக் டிக்' என்று சொல்லும். உள்ளே விட்டுப்போன இடம் அட்டையைத் தட்டின மாதிரி 'தொப்' என்று சொல்லும். அரை மணி நேரம் தட்டினேன். எல்லா இடமும் 'டிக்' என்றுதான் சொன்னது.

பிரவீண் தானாகவே சொன்னான்: "ஒரு தடவ நின்ன எடத்துலயே சாஞ்சுடுச்சுங்க அண்ணா. பெடல்ல கீறல் இருக்குது பாருங்க. வேற ஒன்னும் கெடையாது." பொய் சொல்கிறவன் மூஞ்சி இல்லை அது.

டீச்சர் அங்கேயே வாங்கிவிட்டார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் வண்டி நல்லதாக அமைந்ததால் அல்ல. கண்ணாடிக் கடையிலிருந்து ஒரு கஸ்டமரைத் திருப்பிவிட்டேன் என்பதால்.

4. மணல் மாதிரி ஒரு பசை

டீச்சர் பிரவீணைவிடக் குள்ளம். சீட்டை இறக்க வேண்டும். என் கடையில், சீட்டைத் தாங்குகிற குழாயை, அதாவது சீட் போஸ்ட்டை, வெளியே உருவினேன். அதன் மேல் மணல் கலந்தாற்போல நரநரவென்று ஏதோ பசை ஒட்டியிருந்தது. மூணு வருஷ அழுக்கு என்று நினைத்தேன். பெட்ரோல் போட்டு, பிரேமின் உள்பக்கம் வரை சுத்தமாகத் துடைத்தேன். பிறகு கை நிறைய கிரீஸ் வைத்துச் சொருகினேன். இரும்பு வண்டிக்கு முப்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

அந்த நரநரப்பு அழுக்கு இல்லை. கார்பன் பேஸ்ட். போஸ்ட் வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்கென்றே போடுவது. பிடிப்பைத் துடைத்துவிட்டு வழுக்கலைப் பூசியிருக்கிறேன்.

மறுநாளே டீச்சர் வந்தார். "அண்ணா, சீட்டு தானா எறங்குது." இறுக்கினேன். நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தார். இன்னும் இறுக்கினேன். மூன்றாவது முறை வந்தபோது, "கோவிந்தராஜ்கிட்ட ஒரு வார்த்த கேக்கலாங்களா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னைச் சீண்டிவிட்டது. "இதுக்கெல்லாம் எதுக்குங்க அவரு" என்று சொல்லிவிட்டு, எல் கீயில் நெம்புவதற்கு ஒரு பைப்பைச் செருகி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருப்புத் திருப்பினேன். போஸ்ட்டைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் மேலேயே ஐந்து நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்காதே என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. படித்தேன். எதற்கோ எழுதியிருக்கிறான் என்று விட்டுவிட்டேன். 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. போல்ட் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள விரும்பினேன் என்பதுதான் சரி.

5. தொப்பூர் மேட்டில்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சகலை போன் செய்தார். அவரும் அந்தக் கூட்டத்தோடு வண்டி ஓட்டுகிறவர். தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன்னால் மேலே ஒரு கடையில் டீ குடிக்க நிற்பார்கள். அங்கே வைத்து, சீட்டுக்கு அடியில் கிறீச் கிறீச் என்று சத்தம் வருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். சகலை குனிந்து பார்த்திருக்கிறார்.

"சகல, டீச்சர் வண்டிய நான் எறக்கத்துல வுடல. வேன்ல ஏத்திட்டேன். என் கடைக்கு வாங்க."

அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். பின்னால் பாரம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும்போது சைக்கிளில் உட்கார்ந்திருப்பவருக்கு சீட் முறிந்தால் என்ன ஆகும்? போனை வைத்துவிட்டு அப்படியே கிளம்பினேன். கடைக்குப் போகிற வழியெல்லாம் இரண்டு பயம். ஒன்று டீச்சரைப் பற்றி. இன்னொன்று, சகலை எல்லார் முன்னாலும் என் மூக்கை உடைக்கப் போகிறார் என்று. இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

வண்டி ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. சகலை சீட் போஸ்ட்டை உருவினார். கிரீஸ் வழிந்தது. கிளாம்ப்பைக் கழற்றியதும் அதன் கீழே, பிரேமில், விரல் நீளத்துக்கு முடி போல ஒரு விரிசல்.

டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த மொரப்பூர்ப் பையன் ஒடஞ்ச வண்டியத் தலையில கட்டிட்டான். எவ்ளோ நல்லவனாட்டம் பேசுனான்" என்று போனை எடுத்தார்.

சகலை என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். கிரீஸைப் பார்த்த உடனே தெரிந்திருக்கும். கையில் இருந்த வெள்ளைத் துணியால் போஸ்ட்டைத் துடைத்தார். கிரீஸ் பட்ட பக்கம் உள்ளே போகிற மாதிரி அந்தத் துணியை நாலாக மடித்து மேஜைக்கு அடியில் வைத்தார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திருப்பித் திட்டியிருப்பேன். அந்தத் துணியை மடித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. கடை, ஏசி, ஏப்ரன் எல்லாம் போதாதென்று நல்ல மனுஷன் என்ற பேரும் அவருக்கேவா?

"போன வைங்க டீச்சர்" என்றேன். "அந்தப் பையன் குடுக்கறப்ப வண்டி நல்லாதான் இருந்துச்சு. இது என் கைவேல. கிரீஸ் போட்டது நான். பைப்பு போட்டு இறுக்குனதும் நான்."

டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்தார்.

"தெரியலன்னா இவருகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லிங்களா? நானே கேக்கலாமான்னு கேட்டனே."

"கேட்டிருக்கலாங்க. வயித்தெரிச்சலுங்க டீச்சர். வேற ஒன்னும் இல்ல."

சகலை தலையைக் குனிந்துகொண்டு போல்ட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட ஆரம்பித்தார்.

6. பூட்டியது

விரிசல் விட்ட கார்பனைச் சரிசெய்கிற ஆள் பெங்களூரில் இருக்கிறார். பிரேமை அங்கே அனுப்பினோம், என் செலவில். ஆறு வாரம் ஆனது. அதற்குள் இருநூறு கிலோமீட்டர் ரைடு வந்துவிட்டது. டீச்சர் பழைய அலுமினியம் வண்டியிலேயே ஓட்டி முடித்தார். முடியாது என்று அவர் சொன்ன அதே வண்டிதான். அதற்கு முந்தின நாள் சர்வீசுக்கு அதை எந்தக் கடைக்குக் கொண்டுபோனார் என்று நான் விசாரிக்கவில்லை. என் கடைக்கு வரவில்லை.

பிரேம் திரும்பி வந்ததும் டீச்சர் பெட்டியோடு என் கடை முன்னால் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே சகலை பைக்கில் வந்தார். கையில் ஒரு டார்க் ரெஞ்ச். எவ்வளவு இறுக்கம் வேண்டுமோ அதை அதில் திருகி வைத்துக்கொண்டால், அந்த அளவு வந்ததும் சத்தம் கொடுக்கும்.

"நீங்களே பூட்டுங்கண்ணா" என்றார் டீச்சர். "ஆனா இவரு பக்கத்துல நிக்கணும்."

பூட்டினேன். பேஸ்ட் தடவி, போஸ்ட்டைச் சொருகி, ரெஞ்ச்சைத் திருப்பினேன். 'டக்' என்றது. என் கைக்கு அது ஒன்றுமே இறுகாத மாதிரி இருந்தது. இன்னும் ஒரு சுற்று போகலாம் என்று கை தானாக அழுத்தியது.

"போதும், சகல" என்றார் அவர். நிறுத்தினேன்.

இன்றைக்கும் புதுசா பழசா என்று என்னிடம் கேட்கிறார்கள். இரண்டும் நல்லதுதான், இரண்டையும் கெடுக்கலாம் என்கிறேன். யார் பூட்டப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள், அந்த ஆளுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வாய் இருக்கிறதா என்று பாருங்கள் என்கிறேன். புதுசு வேண்டும் என்பவர்களைச் சகலையிடம் அனுப்புகிறேன். அனுப்பும்போது வயிறு எரியத்தான் எரிகிறது. அதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

நானும் ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கினேன். சகலையுடையதைவிட விலை அதிகம். அவர் வந்து எடுத்துப் பார்த்துவிட்டு நல்லாயிருக்குது என்று சொன்னபோது எனக்கு இரண்டு நாள் சாப்பாடு நன்றாக இறங்கியது. ஐந்தில் வைத்துத் திருப்புவேன். 'டக்' என்றதும் கை இன்னும் கொஞ்சம் கேட்கும். கொடுப்பதில்லை.