புதுவயல் களத்தில் ஆறாவது பாட்டு

அந்தக் குழுவின் கச்சேரிகளைப் பற்றி என்னிடம் ஏழு நோட்டுகள் இருக்கின்றன. எந்த ஊர், என்ன கிழமை, எந்த விழா, எத்தனை மணிக்கு முதல் அடி விழுந்தது, எந்தப் பாட்டில் கிட்டார் தந்தி அறுந்தது, எல்லாம் வரிசையாக. நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவன். குடுவையில் ஊற்றியதை ஊற்றியவுடன் எழுதாவிட்டால் ஊற்றவே இல்லை என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கம் கச்சேரிக்கும் கூடவே வந்துவிட்டது.

குழுவில் ஐந்து பேர். காரைக்குடிப் பக்கம் ஒரு மாதா கோயிலில் பாடிக்கொண்டிருந்தவர்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் கொண்டுவந்தார்கள். பங்குச் சாமியார் இரண்டு பாட்டு வரை பொறுத்துப் பார்த்தார். மூன்றாவதில், "வெளிய நெறைய எடம் இருக்கே, அங்குட்டுப் போயி வாசிச்சா காத்தோட்டமா இருக்குமே" என்றார். எங்கள் பக்கத்துக்கு ராக் இசை வந்தது அப்படித்தான். பாட்டுகளைத் தமிழில் சொந்தமாகக் கட்டினார்கள். கோயில் திருவிழா, கல்லூரி ஆண்டு விழா, கல்யாணம், மில் பூஜை, எதற்குக் கூப்பிட்டாலும் போனார்கள். ஊர்க்காரர்கள் "சத்தக்காரவுக" என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் பதினோரு பேர் ஒரு வேன் பிடித்து அந்தச் சத்தத்தின் பின்னாலேயே அலைந்தோம்.

இன்று டிரம்ஸ் வாசிக்கும் அண்ணனுக்கு வயது எழுபதை நெருங்குகிறது. பாடுகிறவருக்கு மேடை ஏற ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். ஆனால் முதல் அடி விழுந்ததும் என் வயிற்றுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல இருக்கிறதே, அது மட்டும் குறையவில்லை. கச்சேரிக்கு முந்தைய நாள் எனக்கு இப்போதும் சாப்பாடு இறங்காது. "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட ரெண்டு தடவை சொஜ்ஜி கேட்டு வாங்கித் தின்னீக" என்பாள் என் மனைவி.

ரசிகர்கள் சேர்ந்தால் பாதி நேரம் பழைய கச்சேரி, பாதி நேரம் சண்டை. நாட்டரசன்கோட்டையில் கோயில் மணி அடித்தபோது கிட்டார் அதே சுதியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. தெரிந்து செய்ததா, தானாக அமைந்ததா என்று இருபது வருடமாகப் பேசுகிறோம். ஒக்கூரில் ஒருமுறை மாடு மேடையேறிவிட்டது. என் பள்ளித் தோழன் ஒருவன் இருக்கிறான். செட்டியார் வீட்டுப் பிள்ளை, குடும்பத்தின் பெரிய வீட்டை இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக நடத்துகிறான். அவன் அது காளை என்பான்.

"கொம்பைப் பாத்தேன்டா."

"பசுவுக்கும் கொம்பு உண்டு."

"நீ நோட்டைப் பாத்துச் சொல்லு."

பார்த்தேன். "இரண்டாம் பாட்டு, மாடு, நான்கு நிமிடத் தடை" என்று இருந்தது. "நீயெல்லாம் ஒரு சரித்திர ஆசிரியன்!" என்று அவன் சிரித்த சிரிப்பில், அவன் விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுப் பயணிகள் எட்டிப் பார்த்தார்கள்.

போன தை மாதம் டிரம்ஸ் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். மகனோடு நிரந்தரமாக வெளிநாடு போகிறார் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை கச்சேரி; அவர் உட்காரும் கடைசிக் கச்சேரி. அதற்குப் பத்து நாள் இருந்தது.

"தம்பி, கடைசியா ஒண்ணே ஒண்ணு வாசிச்சுட்டுப் போகணும். புதுவயல் மில்லுல மழை வந்தப்ப வாசிச்சோமே, அது. வாழ்க்கையில அப்படி நான் வாசிச்சதே இல்ல. எனக்கு அடி ஞாபகம் இருக்கு, பாட்டு ஞாபகம் இல்ல. நீ எழுதியிருப்பேல்ல?"

"எழுதாம இருப்பேனாண்ணே?" என்றேன். கொஞ்சம் அதிகமாகவே நிமிர்ந்து சொல்லிவிட்டேன்.

புதுவயலில் ஒரு அரிசி மில். ஆயுத பூஜை. இயந்திரங்களுக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சாயங்காலம் நான்கு மணிக்குக் கச்சேரி வைத்திருந்தார் முதலாளி. ஆனால் அவித்த நெல்லுக்குப் பண்டிகை நாள் தெரியுமா? முந்தைய நாள் அவித்தது காயவேண்டும். ஆகவே நெல் உலர்த்தும் களத்தில் பாதியில் நெல், பாதியில் நாங்கள். குழு தகரக் கொட்டகைக்கு அடியில். ஐந்தாவது பாட்டில் மேற்கே கறுத்தது. கூட்டம் முழுவதும் எழுந்து நெல்லைக் கூட்ட ஓடியது, குழு நிறுத்தவில்லை. நெல் அள்ளுகிறவர்களுக்காகப் புதிதாக ஒன்றை அங்கேயே வாசித்தார்கள். அவ்வளவுதான் எனக்கும் நினைவு.

மூன்றாவது நோட்டை எடுத்துப் பிரித்து அண்ணனுக்குக் கம்பீரமாக வாசித்தேன்: "ஆறாவது பாட்டு. புதியது. தலைப்பு தெரியவில்லை. ஒன்பது நிமிடம். வேகம் கூடிக்கொண்டே போனது. ஒரு பெண்மணியின் கூச்சல் முழுக்க இடையூறாக இருந்தது. நல்ல பாட்டு."

அண்ணன் காத்திருந்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே ஏழாவது பாட்டு.

"வரி?"

இல்லை. கல்வெட்டுத் தொகுதிகளை நான் ஆசையாகப் படிப்பேன். ராஜாவின் ஆட்சியாண்டு, திதி, நட்சத்திரம், கோயில் விளக்கின் நெய்க்காக விட்ட ஆடுகளின் எண்ணிக்கை, எல்லாம் துல்லியமாக இருக்கும். விளக்கு எப்படி எரிந்தது என்று எவனும் வெட்டிவைத்திருக்க மாட்டான். அந்தக் கல்வெட்டுக்காரனைக் கேலி செய்துகொண்டிருந்த நானும் அதையே செய்திருக்கிறேன். பத்து நாளில் அந்தப் பாட்டு கிடைக்காவிட்டால் அண்ணன் அது இல்லாமலே விமானம் ஏறுவார்.

பாடகரிடம் போனோம். "நான் பாடினேனா? வாயில ஏதோ வந்துச்சு, சொன்னேன். காய்ச்சல்ல உளறுனத மறுநாள் கேட்டா தெரியுமா?" என்றார். ரசிகர்களைக் கேட்டோம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மெட்டை முனகினார்கள். தோழன் கண்ணை மூடி உருகி முனகியது அவன் கல்யாண ஊர்வலத்தில் வாசித்த மெட்டு என்று அவன் மனைவி கண்டுபிடித்தாள். யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் அன்று யாரும் பாட்டைக் கேட்கவே இல்லை. எல்லாரும் நெல் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நெல்லு அள்ளுனவுகளைத்தான் கேக்கணும்" என்றான் தோழன். செவ்வாய்க்கிழமை அண்ணன், பாடகர், தோழன், நான் என நான்கு பேரும் அவன் காரில் புதுவயல் போனோம். லாரிகளுக்கு நடுவே வழி விசாரித்து, அந்த மில்லில் அப்போது களத்து வேலைக்குத் தலைமையாக இருந்த அம்மாளைக் கண்டுபிடித்தோம். வேலையை விட்டுவிட்டு மில்லுக்குப் பின்தெருவில் மகன் வீட்டில் இருந்தார். எங்களைவிட மூத்தவர், எங்கள் எல்லாரையும்விட உரத்த குரல்.

"வாங்க, இங்குட்டு நெழல்ல உக்காருங்க. யாரைத் தேடி வந்திருக்கீக?"

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். "பாட்டா? எனக்கு நெல்லுதான் ஞாபகம் இருக்கு. களம் பூரா நெல்லு! நனைஞ்சிருந்தா முதலாளி என்னைய அவிச்சிருப்பாரு."

என்ன நடந்தது என்று நினைவூட்டலாமே என்று தோழன் என் கையிலிருந்த நோட்டைப் பிடுங்கி வாசிக்க ஆரம்பித்தான். தடுக்கப் போனேன். அதற்குள் "ஒரு பெண்மணியின் கூச்சல்" வரை போய்விட்டான்.

"எந்தப் பொம்பளை?"

தோழன் நோட்டை மெல்ல மூடினான்.

"அன்னிக்கு நாந்தானே கத்துனேன்! வேற எவ வாயத் தெறந்தா? எடையூறா? நான் கத்தலைன்னா நெல்லு நனைஞ்சு நாறி, மறுநாள் ஊரே மூக்கப் பொத்திக்கிட்டுல்ல திரிஞ்சிருக்கும்! எவன்யா எழுதுனது?"

மூன்று விரல்கள் என்னைக் காட்டின.

அந்த அம்மாள் கோபமாக எழுந்தார். சுவரில் சாய்ந்திருந்த விளக்குமாற்றை எடுத்ததும் நான் ஒரு அடி பின்னால் போனேன். அவர் அடிக்க எடுக்கவில்லை. "இப்புடி நின்னேன். அந்த மூலையில ஒரு குவியல், இந்த மூலையில ஒரு குவியல். ஒரு பயலும் வெரசா அசையல. அப்பத்தான் கத்துனேன்" என்று முற்றத்தில் இல்லாத நெல்லைத் தள்ளத் தொடங்கினார். ஒரு தள்ளுக்கு ஒரு சொல் வந்தது.

"மேகம் கறுக்குது, அள்ளுங்கடி அள்ளு!
அங்குட்டு நிக்காம இங்குட்டுத் தள்ளு!"

டிரம்ஸ் அண்ணனின் கை, பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளிக்குத் தானாகப் போனது. பாடகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதுதான்! அக்கா சொல்லச் சொல்ல நான் மைக்குல திருப்பிச் சொன்னேன். மெட்டும் அக்காவோடதுதான்!"

"இது பாட்டு இல்லப்பா, ஏச்சு" என்றார் அந்த அம்மாள், தள்ளுவதை நிறுத்தாமல். அடுத்தது வந்தது.

"நோட்டுக்காரத் தம்பி, நோட்டை மூடிப்புடு!
நெல்லு நனையுது, ஒரு கை குடு!"

தோழன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். எனக்கு எல்லாம் தெளிவாகத் திரும்பி வந்தது. நான் கொதிகலன் கொட்டகையின் ஓரத்தில், நோட்டை விரித்துப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். ஊரே குனிந்திருக்கையில் நிமிர்ந்து நின்ற ஒரே ஆள். என்னைத் திட்டியது இரண்டாவது சரணம் ஆகிவிட்டது, நான் அதை இடையூறு என்று எழுதியிருக்கிறேன்!

செல்போனில் பதிவு செய்துகொண்டு கோயில் தேரை இழுத்து வந்தவர்கள் போலத் திரும்பினோம். ஆனால் வியாழக்கிழமை ஒத்திகையில் அது எழும்பவில்லை. வரி சரி, அடி சரி, கிட்டார் சரி. வேகம் கூடவேண்டிய இடத்தில் பாட்டு காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. நான்கு தடவை வாசித்துவிட்டு அண்ணன் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"விடுங்கப்பா. மழை இருந்துச்சு, வந்துச்சு. இப்ப மழைக்கு எங்க போறது?"

அவர் அப்படிச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் தனியாகப் பஸ் ஏறிப் புதுவயல் போய், எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டு, அந்த அம்மாளைக் கச்சேரிக்கு அழைத்தேன். "பட்டுச்சேலை இருக்கு, வாரேன். ஆனா பாட்டெல்லாம் எனக்கு வராது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு ஆரம்பம். மண்டபம் நிறைந்திருந்தது. அண்ணனின் மகன் முதல் வரிசையில். எட்டுப் பாட்டு முடிந்து பாடகர் அந்த அம்மாளை மேடைக்கு அழைத்தார். அவர் மைக்கைக் கையில் வாங்கி, பட்டுச்சேலையில் விறைப்பாக நின்றார். அண்ணன் மெதுவாக அடி போட்டார். சொல் வரவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று. கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. அந்தக் கைதட்டலைக் கேட்டு அண்ணனின் முகம் இறங்கியது.

அந்த அம்மாளோ எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாகச் சும்மா உட்கார்ந்திருக்கும் அத்தனை ஆட்கள். அவருடைய முகம் மாறியது.

"என்ன, விருந்துக்கா வந்திருக்கீக? வேலைன்னு வந்துபுட்டு உக்காந்தே இருக்கீகளே! எந்திரிங்க!"

பாதிக் கூட்டம் பயந்தே எழுந்துவிட்டது.

"அங்கன நாற்காலி, அள்ளுங்கடி அள்ளு!
அங்குட்டு நிக்காம இங்குட்டுத் தள்ளு!"

தோழன்தான் முதல் நாற்காலியைத் தள்ளினான். பிறகு நான். பிறகு எங்கள் வேனில் வரும் ரசிகர்கள் எல்லாரும். பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் கரகரவென்று இழுபட்ட சத்தம் அப்படியே நெல் தள்ளும் சத்தம். அண்ணன் தலையைத் தூக்கினார். அடி மாறியது. என் வயிற்றுக்குள் கதவைத் தட்டியவன் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். முன்வரிசையில் பட்டுச்சட்டையோடு ஒரு பெரியவர் மட்டும் அசையாமல் நின்றார்.

"கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற அப்பச்சி!
நாற்காலி போகுது, ஓடிவாங்க கட்சி மாறிச்சி!"

சந்தமும் தட்டியது, பொருளும் தட்டியது, யார் கவலைப்பட்டார்கள்? அப்பச்சி வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். மண்டப மேலாளர் "டைல்ஸ் கீறும்! டைல்ஸ் கீறும்!" என்று அலறிக்கொண்டு வந்தார், பாடகர் அதையும் மைக்கில் திருப்பிப் பாடினார். கூட்டம் அதற்குப் பின்பாட்டுப் பாடியது. மேலாளரும் கடைசியில் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். அண்ணனின் மகன், கோட்டுப் போட்ட பிள்ளை, என் பக்கத்தில் வியர்த்து ஊற்றத் தள்ளிக்கொண்டிருந்தான். "எங்கப்பா இப்படி வாசிப்பாருன்னு எனக்குத் தெரியாது அங்கிள்" என்று கத்தினான். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காரு" என்று நானும் கத்தினேன்.

நாற்காலிகள் எல்லாம் கிழக்குச் சுவரோரம் மலையாகிவிட்டன. வழக்கமாக இந்த இடத்தில் அண்ணன் ஒரு உருட்டு உருட்டி முடிப்பார். முடிக்காமல், சட்டை முழுக்க நனைந்து, மேடையின் முன்னால் நின்ற அந்த அம்மாளைப் பார்த்தார்.

"அக்கா, ஆச்சா?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டி மண்டபத்தின் மேற்கு மூலையைக் காட்டினார்.

"எங்க ஆச்சு? அங்குட்டு ரெண்டு வரிசை அப்படியே கெடக்குல்ல? அடிய்யா!"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்தார். நாங்கள் மேற்கு மூலைக்கு ஓடினோம்.