மஞ்சளுக்கு அடியில் குளிர்ந்த மூக்கு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துபோன ஆள் நான். அதற்குப் பிறகு கட்டியதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். மலேசியாவில் புலாவ் செபாங் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன், அதே தோட்டத்துக்கு எதிரே மாடி வீடு கட்டினேன். செங் ஊர்ப் பக்கம் தொழிற்சாலைகள் எழும்பிய காலத்தில் அங்கே மண்ணுக்கடியில் போன தண்ணீர்க் குழாய்களில் பாதி என் கை பட்டவை. சைக்கிளில் குழாயைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனவனுக்கு இன்று மூன்று லோரி. கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக்கொடுத்தேன். கல்வெட்டில் வேறு யார் பெயரோ இருக்கிறது, அது போகட்டும். மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகளைப் பட்டதாரி ஆக்கினேன்.

பன்றி துரத்தியிருக்கிறது, பள்ளம் சரிந்து இடுப்புவரை மண்ணுக்குள் போயிருக்கிறேன். அப்போதெல்லாம் கூட எனக்குக் கால் நடுங்கியதில்லை. நடுங்க வைத்தது ஒரு மூக்கு.

என் மகளுக்கு என்னுடைய மூக்கு. நடுவில் பள்ளம், அடியில் அகலம். தோட்டத்தில் என்னைச் சப்பை மூக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். நிச்சயதார்த்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, உம்பாய் ஊர்க்காரர், சொன்னார்: "பொண்ணு மகாலட்சுமிதான். மூக்குல மட்டும் சம்பந்தியையே உரிச்சு வச்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் விடவில்லை. "அது ஒரிஜினல் சாமான்மா, கடையில கிடைக்காது" என்றேன். மகள் சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் வந்து நின்றாள். "அப்பா, மூக்கைக் கொஞ்சம் சரி பண்ணிக்கவா? கத்தியெல்லாம் இல்லப்பா. ஜெல் மாதிரி ஒண்ணை ஊசியில ஏத்துவாங்க, பள்ளம் நிரம்பி நேரா நிக்கும். அரை மணி நேரம்தான்லா."

"யாரு, டாக்டரா?"

"பியூட்டி பார்லர் அக்கா. செங்குல. நிறைய பேருக்குப் போட்டிருக்காங்க."

புருவம் எடுப்பதுபோல் இதுவும் ஒன்று என்று நினைத்துச் சரி என்றேன். ஒரு வீட்டில் குழாய் மாட்ட வருகிறவனிடம் லைசென்ஸ் எங்கே என்று கேட்கிறவன் நான். பிள்ளையின் மூக்கில் ஊசி குத்தப் போகிறவளிடம் கேட்கவில்லை.

நலங்குக்கு முந்தின நாள் மத்தியானம் போய்ப் போட்டுக்கொண்டாள். மாஸ்க் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவள் தலைவலி என்று அறைக்குள் போய்ப் படுத்துவிட்டாள். கல்யாண வீட்டுக் களைப்பு என்று விட்டுவிட்டோம். காலையில் முகம் நிறைய ஒப்பனையோடு வந்து மணையில் உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் நலங்கை நடத்தியது என் அக்கா. மகளுக்கு அத்தை, அவள் அம்மா போன பிறகு பாதித் தாய். சுமங்கலிகள் ஒவ்வொருவராக வந்து அரைத்த மஞ்சளைக் கன்னத்திலும் கையிலும் காலிலும் பூசினார்கள். மூக்கில் வைக்கும்போது மட்டும் மகள் முகத்தைப் பின்னால் இழுத்தாள். "வெக்கத்தப் பாரு!" என்று சிரித்தார்கள்.

நானும் மஞ்சள் வைக்க எழுந்து போனேன். அக்கா கையை நீட்டி மறித்தாள்.

"நீ எங்கடா வர்ற? ஜோடி இருக்கிறவங்கதான் வைக்கணும். நீ தனி ஆளு, தள்ளி நின்னு பாரு."

"என் மகளுக்கு நான் வைக்காம எவன் வைப்பான்?" என்று கிண்ணத்தைப் பிடுங்கினேன். எனக்கு அந்த வீம்பு உண்டு. அது இல்லாவிட்டால் இன்னும் லயத்தில்தான் இருந்திருப்பேன்.

இரண்டு கன்னத்திலும் பூசினேன். அப்புறம் மூக்கில் கட்டைவிரலை வைத்து இழுத்தேன். அங்கேதான் நின்றுபோனேன்.

என் கட்டைவிரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுடுதண்ணீர்க் குழாயில் அடைப்பு என்றால் சின்னப் பசங்கள் மிஷின் தேடுவார்கள். நான் விரலால் தடவிக்கொண்டே போவேன். சூடு எந்த இடத்தில் நிற்கிறதோ, அடைப்பு அங்கே. நாற்பது வருஷத்தில் தவறியதில்லை.

மகளின் கன்னம் சூடாக இருந்தது. மூக்கின் நுனியும் இடது பக்கமும் குளிர்ந்து கிடந்தன. மஞ்சளின் ஈரம்தான் என்று திரும்பத் தொட்டேன். கன்னத்தில் அதே மஞ்சள், அங்கே சூடு. மூக்கில் இல்லை.

தோள் துண்டால் துடைத்தேன். ஒப்பனையும் சேர்ந்து வந்தது. உள்ளே தோல் மெழுகுவர்த்தி மாதிரி வெளுத்திருந்தது. அதன் ஓரத்தில் ஊதா நிறத்தில் வலைபோல் கோடுகள்.

"தண்ணி கொண்டா! இந்த மஞ்சளைக் கழுவு!"

"கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு?" அக்கா கத்தினாள். "பாதி நலங்குல கழுவுறது அபசகுனம்டா! சாயங்காலம் வரைக்கும் மஞ்சள் முகத்துலதான் இருக்கணும்."

"மூக்கே போனப்புறம் சகுனத்தை எங்கக்கா ஒட்டுவ?"

மகள் என் கையைப் பிடித்தாள். "விடுங்கப்பா, எல்லாரும் பாக்குறாங்க. பார்லர் அக்கா சொன்னாங்க, ரெண்டு நாள் வெளுத்துத்தான் இருக்கும், சரியாயிடும்லா."

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டினாள். அப்புறம் உதடு கோணியது. "ராத்திரி முழுக்கத் தூங்கலப்பா."

நானே செம்பை எடுத்து ஊற்றிக் கழுவினேன். மூன்று பெண்கள் எழுந்து உள்ளே போய்விட்டார்கள், இந்த அபசகுனத்தைப் பார்க்க மாட்டோம் என்று.

வந்தவர்களின் வண்டிகள் என் காரை அடைத்து நின்றன. வெளியே நின்றது லோரி ஒன்றுதான். நலங்குச் சேலையோடு மகளை முன்னால் ஏற்றிக்கொண்டு மலாக்கா ஆஸ்பத்திரிக்கு விட்டேன். பின்னால் ஏற்றியிருந்த குழாய்கள் ஒவ்வொரு மேட்டிலும் தடதடவென்று அடித்தன. நான் வாயை மூடாமல் பேசிக்கொண்டே ஓட்டினேன். பேச்சை நிறுத்தினால் என் பல் அடிப்பது அவளுக்குக் கேட்டுவிடும்.

வழியில் அலோர் காஜா ஊரைத் தாண்டும்போது சொன்னாள்: "அப்பா, இடது கண்ணு மங்கலா இருக்கு."

கிளட்ச்சில் இருந்த கால் தானாக ஆடியது. மூக்கிலிருந்து கண்ணுக்கும் ரத்தம் போகும் வழி உண்டு என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒரு கிளைக் குழாய் அடைத்தால் அடுத்த கிளைக்கும் ஆபத்து என்று எனக்குத் தெரியாதா?

"வலது கண்ணை மூடிக்கோ. முன்னால போற வண்டி நம்பரைப் படி."

படித்தாள். எண்களை மட்டும் எனக்கு வாசிக்க வரும். சரிபார்த்தேன். அடுத்த வண்டி, அதற்கு அடுத்தது. எண்ணெய்ப்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்றின் நம்பரைத் தப்பாகச் சொன்னாள். நான் அவளைத் திட்டினேன். "ஒழுங்கா பாரு!" அழுதுகொண்டே திரும்பப் படித்தாள், சரியாக இருந்தது. பிறகுதான் தெரிந்தது, நான் அவசரத்தில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் கண்ணுக்குள் போயிருக்கிறது. அது தெரியாமல் மருத்துவமனை வாசல்வரை அவளை நம்பர் படிக்க வைத்தேன்.

அங்கே ஒரு இளம் மலாய் டாக்டரம்மா. முதலில் கண்ணைப் பார்த்தார், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு மூக்கை ஒரு விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். காத்திருந்தார். வெள்ளை வெள்ளையாகவே நின்றது. அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் தொழில்தான் அது. குழாயில் ஓட்டம் இல்லை.

"பாக்சிக், அந்த ஜெல் ரத்தக் குழாயை அடைத்திருக்கிறது" என்றார் மலாயில், மாமா முறை வைத்து. "விட்டால் தோல் செத்துக் கறுத்துவிடும். என்ன ஜெல் போட்டார்கள்? ஒரு வகையை ஊசி போட்டுக் கரைக்கலாம். மற்றதைக் கரைக்க முடியாது."

மகளுக்குப் பெயர் தெரியவில்லை. அந்தப் பார்லர்காரிக்கு நான் போன் போட்டேன்.

"அங்கிள், டென்ஷனாகாதீங்க, வெந்நீர் ஒத்தடம் கொடுங்க" என்றாள்.

"பெட்டியைப் போட்டோ எடுத்து இப்பவே அனுப்பு."

"ஆஸ்பத்திரியில என் பேரைச் சொல்லாதீங்க அங்கிள்..."

"உன் பேரு எனக்கெதுக்கு? பெட்டி வரலேன்னா மூணு லோரியையும் உன் கடை வாசல்ல நிறுத்திட்டு ஹார்ன் அடிப்பேன்!"

படம் வந்தது. இங்கிலீஷ் எழுத்து. எனக்கு ஒன்றும் புரியாது. போனை நீட்டிவிட்டு டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் எந்த முகத்தையும் அப்படிப் பார்த்ததில்லை. அவர் கண்ணைச் சுருக்கி, பெரிதாக்கிப் படித்து, "கரைக்கலாம்" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மூக்கைச் சுற்றி ஊசி, ஊசி, ஊசி. மகள் என் விரல்களை நெரித்தாள். தேய்த்துவிட்டார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் ஊசி. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா அழுத்தி எடுக்கும்போது நான் மனதுக்குள் எண்ணினேன். முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது சுற்றில் நான் ஐந்து எண்ணும்போது ஓரத்திலிருந்து மெதுவாகச் சிவப்பு ஊறி வந்தது. தண்ணீர் வராமல் கிடந்த குழாயில் முதல் சொட்டு விழுவதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அழுதேன்.

இடது நாசி ஓரத்தில் மிளகளவு தோல் போய்விட்டது. மீதி பிழைத்தது. ஜெல்லோடு அந்த நேர் மூக்கும் கரைந்து, பழைய பள்ளம் திரும்ப வந்தது. கல்யாணம் குறித்த நாளிலேயே நடந்தது. சம்பந்தியம்மா அவள் முகத்தைத் தடவிப் பார்த்து அணைத்துக்கொண்டார்.

விருந்தில் மகள் மைக் பிடித்து நன்றி சொன்னாள். டாக்டரம்மாவுக்குச் சொன்னாள், நியாயம். நலங்கன்று நாங்கள் திரும்பி வரும்வரை சாமி அறையை விட்டு எழாமல் வேண்டிக்கொண்ட அத்தைக்குச் சொன்னாள். கடைசியில், "அப்பாவும் லோரியில வேகமா கொண்டுபோனாங்க" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். இப்போது சொந்தக்காரர்கள் கதை சொல்லும்போது அக்காதான் முதலில் பார்த்தாளாம். அக்காவும் மறுப்பதில்லை.

ஊசிக்குச் சரி சொன்ன தப்பு என்னுடையது. அதை எழுதுங்கள், மறைக்கவில்லை. ஆனால் தள்ளி நில் என்றபோது நிற்காமல் போனவன் நான். குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடித்தது இந்த விரல். கழுவு என்று கத்தியது இந்த வாய். சாயங்காலம்வரை அந்த மஞ்சள் காய்ந்து கிடந்திருந்தால் மூக்கு இருந்திருக்காது. கோயில் தொட்டியில் என் பெயர் இல்லாததை விட்டுக்கொடுத்தேன். இதை விட மாட்டேன். இந்தக் கதையை இனி யார் சொன்னாலும், லோரி ஓட்டியவர் என்று சொல்லக் கூடாது. மஞ்சளைக் கழுவியவர் அவள் அப்பா என்று சொல்ல வேண்டும்.