நைனா வைத்த புல்

எங்கள் தெருவில் எல்லோரும் வீட்டு முன்னால் ரோஜாவும் குரோட்டன்சும் வைத்துக்கொண்டிருந்தபோது, எங்கள் நைனா புல் வைத்தார். அப்பாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் அவருக்கு வேலை. லீவு நாளில் ஆரணி ஆற்றங்கரைக்கு வண்டியில் போய், ஈரச் சாக்கில் சுற்றிய புல் தூர்களைக் கொண்டுவருவார். வெள்ளைப் பஞ்சாகப் பூக்கும் நாணல், வெட்டிவேர், செம்பட்டை முடி மாதிரி கதிர் விடுகிற, பெயர் தெரியாத இன்னொன்று. கேட்டிலிருந்து கதவு வரை போகும் வழியின் இரண்டு பக்கமும் நட்டு, குளிக்கிற தண்ணீரை அதற்கே திருப்பிவிட்டார். மழை முடிவதற்குள் அவை என் தலைக்கு மேல் வளர்ந்துவிட்டன.

"ஊர்ல அவனவன் புல்லப் புடுங்கிப் போடறான், எங்க ஊட்டுக்காரரு நட்டுக்கினு கீறாரு" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் அம்மா சொல்லிச் சிரிப்பாள்.

மூன்றாம் வகுப்பு படித்த எனக்கோ அந்தப் புல்லில் ஏதோ மந்திரம் இருப்பதாகவே நம்பிக்கை. ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் நைனா, யார் உள்ளே வந்தாலும் தட்டுவதற்கு முன்பே எழுந்து கதவைத் திறந்துவிடுவார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பூனை மாதிரி வந்து பார்த்திருக்கிறேன். அப்போதும் கதவு திறக்கும்.

"எப்படி நைனா தெரியுது?"

"காத்தடிச்சா எல்லாம் ஒண்ணா சாயும். ஆளு வந்தா ஒண்ணொண்ணா ஆடிக்கினு வரும். நீயே பாரேன்."

இவ்வளவு கூர்மையான மனிதர், வீட்டுக்குள் முதுகுப் பக்கமிருந்து நான் கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டார். வேலைக் களைப்பு என்பாள் அம்மா.

அந்த ஐப்பசியில் சித்தி கைக்குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. பின் தெருவில் அப்போதுதான் ஒரு சாரைப்பாம்பை அடித்திருந்தார்கள். பச்சைக் குழந்தை வருகிற வீட்டில் புதர் எதற்கு என்று, நைனா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா கடப்பாரையை எடுத்தாள். ஒரு தூர் விடாமல் பெயர்த்து, அக்கா வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டாள். ஷிப்ட் முடிந்து வந்த நைனா கேட்டிலேயே நின்றார். வெறும் மண்ணை வெகுநேரம் பார்த்தார். அம்மாவை எதுவும் கேட்கவில்லை. அவள் சண்டைக்குத் தயாராக இருந்திருக்க வேண்டும்; ஏமாந்துபோய் உள்ளே போனாள்.

மறுநாள் பள்ளி விடும்போது நல்ல மழை. நனைந்தபடி வந்து கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. "நைனா! நைனா!" என்று கத்தினேன். மூடிய ஜன்னலைத் தட்டினேன். அழுகை வந்துவிட்டது. புல்லைப் பிடுங்கிய கோபத்தில் எங்கள் எல்லோரையும் வெளியே நிறுத்திவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

ரேஷன் கடையிலிருந்து வந்த அம்மா என்னை அந்தக் கோலத்தில் பார்த்ததும் கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "இன்னா மனுசன்யா நீ? கொழந்த நனையுது!" பிறகு ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தாள். நானும் அவள் கைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். நைனா தூங்கவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்தபடி டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னொரு முறை, இந்தத் தடவை மெதுவாக, "ஏங்க" என்றாள். திரும்பவும் ஓங்கித் தட்டினாள். அவர் கடலையை ஊதி வாயில் போட்டார்.

அம்மா வெளிச்சுவரில் இருந்த மெயின் சுவிட்சை அணைத்தாள். டிவி நின்றது. நைனா எழுந்து வந்து கதவைத் திறந்து, எங்கள் இருவரையும் பார்த்துத் திகைத்தார். "எப்ப வந்தீங்க?"

அம்மா என்னைத் துணி மாற்ற அனுப்பினாள். உள்ளே தலையைத் துவட்டும்போது பேச்சு காதில் விழுந்தது.

"எத்தினி நாளா?"

"ஒரு வருசம் இருக்கும். கொஞ்சங்கொஞ்சமா."

"எங்கிட்ட ஏன் சொல்லல? கம்பெனில தெரியுமா?"

"தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்சிடுவாங்க. சத்தமாப் பேசாத, பாப்பா கீது."

அதற்கப்புறம் அம்மா அழுதாள். நைனா ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அவருடன் வண்டியில் ஏறி ஆற்றுக்குப் போனாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் அவளே குழி தோண்டி நட்டாள். அடுத்த வீட்டு அக்கா, "பாம்பு வராதா?" என்று கேட்டதற்கு, "வந்தா அவரு மொதல்ல பாப்பாரு" என்றாள். அன்றிலிருந்து அடுப்படியில் நின்றபடி அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். எது சொல்வதானாலும் எதிரே போய் நின்று, முகம் பார்த்துச் சொன்னாள்.

மில் இரைச்சலில் நைனாவின் காது போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குப் புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. அன்று நான் புரிந்துகொண்டது வேறு. ஆற்றங்கரையில் புல் பிடுங்குவது பெரிய குற்றம், கம்பெனிக்குத் தெரிந்தால் நைனாவுக்கு வேலை போய்விடும்.

தை மாதம், மில்லிலிருந்து அவருடைய கூட்டாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். நாணல் பூத்துக் கிடந்தது. வழியிலேயே நின்று ஒரு கதிரைத் தடவிப் பார்த்தவர், "சூப்பரா கீதே! யாரு பாப்பா வெச்சது, நைனாவா?" என்று கேட்டார்.

மில் ஆள் கேட்கிறார் என்றதும் நான் உஷாரானேன்.

"யாரும் வெக்கல அங்கிள். அதுவா மொளச்சுது."

அவர் தலையாட்டிக்கொண்டே நடந்தார். அவர் தட்டுவதற்கு முன்பே நைனா கதவைத் திறந்தார். அவருடைய வேலையை நான்தான் காப்பாற்றினேன் என்ற பெருமையில், நான் அன்று முழுவதும் அவரை விட்டு நகரவே இல்லை.