பட்டுக்கோட்டையில் சொன்ன பொய்

மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவள் நான். முப்பத்திரண்டு வருடம் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்தேன். ஓய்வு பெற்ற மறுவாரமே, ஆதரவற்ற முதியவர்கள் தங்கியிருந்த ஓர் இல்லத்துக்குச் சனிக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். நகம் வெட்டிவிடுவேன், புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், பேச விரும்புகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றிருந்த என் கணவருக்கு இது பிடிக்கவில்லை. காரில் கொண்டுவந்து விடுவார். உள்ளே மட்டும் வரமாட்டார். “ஆஸ்பத்திரில பார்த்தது போதாதா? வீட்ல ஒருத்தன் இருக்கேன்லா,” என்பார். அதில் நியாயம் இருந்தது. வேலை முடிந்ததும் ஊர் ஊராகச் சுற்றலாம் என்று நான்தான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அந்த இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சிறுவயதில் மாமாவோடு கப்பலில் வந்தவர். செராஸில் ஒரு தொழிற்சாலைக்கு ஜாகாவாக இருந்து, வாசலைக் காவல் காத்தே வயதாகிப் போனவர். கடைசி வரை சிவப்பு அடையாள அட்டைதான். குடியுரிமை கிடைக்கவில்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அம்மா இறந்த செய்தி வந்தபோது ஊருக்குப் போக முடியவில்லை. அந்த வெட்கத்தில் கடிதம் எழுதுவதையே நிறுத்திவிட்டார். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஒருநாள் நான் காலில் கட்டுப் போடும்போது சொன்னார்: “மிஸ்ஸி, பட்டுக்கோட்டைல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு. நான் போனப்புறம் யாராச்சும் போய்ச் சொல்லிடுங்க. அது பாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கப் போவுது.”

இரண்டு மாதம் கழித்து இறந்துபோனார். இல்லத்துக்காரர்களே தகனம் செய்து, சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். அந்த வருடம்தான் நானும் கணவரும் முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் கிளம்பினோம். பட்டுக்கோட்டைக்கும் ஒருநாள் போக வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கியது. “இங்கயும் உன் சனிக்கிழமை வேலைதானா?” என்றார். ஆனாலும் வந்தார்.

பெரியவர் வைத்திருந்த பழைய கடித உறையின் முகவரியைக் காட்டி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நாலைந்து தெரு விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். கதவைத் திறந்த அம்மாள்தான் அந்தத் தங்கை; எழுபது வயதிருக்கும். செய்தியைச் சொன்னேன். அவர் அழவில்லை.

“செத்துட்டான்னு எப்பவோ முடிவு பண்ணிட்டோம்மா. எங்கம்மா திதியில அவனுக்கும் சேத்து எள்ளும் தண்ணியும் விட்டாச்சு,” என்றார். எங்களை உட்காரச் சொல்லவும் இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது கேட்டார்: “அங்க அவனுக்குன்னு யாராவது இருந்தாங்களா? தீவாளிக்கு யார் வீட்டுலயாவது ஒரு வாய் சாப்பிட்டானா?”

தீபாவளியன்று நான் ஒருமுறைகூட அந்த இல்லத்துக்குப் போனதில்லை. அன்று அங்கே என்ன நடக்கும் என்பதே எனக்குத் தெரியாது.

“எங்க வீட்லதாம்மா சாப்பிடுவாரு,” என்றார் என் கணவர். “வருஷா வருஷம் நானே போய்க் கூட்டிட்டு வருவேன். முறுக்குன்னா அவருக்கு உசிரு.”

“பல்லு இருந்துச்சா?”

“எங்கம்மா இருக்கு? காப்பில ஊற வச்சுத்தான் தின்பாரு.”

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகுதான் அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டுக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்தில் என் கணவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுதூரம் வந்த பிறகு, “அவரு மூஞ்சி எப்படி இருக்கும்?” என்று கேட்டார். எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். அடர்ந்த புருவம், கன்னத்தில் பெரிய மச்சம், யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்கும் பழக்கம். மறுநாள் ராமேஸ்வரத்தில் அந்தப் பெரியவரின் பெயரை என்னிடம் கேட்டுக்கொண்டு, அதைச் சொல்லி என் கணவர் கடலில் மூழ்கி எழுந்தார்.

அந்த வருடத் தீபாவளிக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் கார் சாவியை எடுத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. இல்லத்திலிருந்து மூன்று பேரோடு திரும்பி வந்தார். அதில் ஒரு பாட்டியம்மா, விருந்தாளியாக உட்கார மனமில்லாமல், நேராக அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து பதினொரு தீபாவளி. ஆட்கள் மாறினார்கள், சிலர் அடுத்த வருடம் இருக்கமாட்டார்கள். என் கணவர் எல்லாருடைய முகத்தையும் ஞாபகம் வைத்திருந்தார். சனிக்கிழமைகளிலும் என்னோடு உள்ளே வரத் தொடங்கினார். ஆண்களுக்குச் சவரம் செய்துவிடுவது அவர் வேலையானது.

போன வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். துக்க வருடம் என்பதால் எங்களுக்குத் தீபாவளி இல்லை. இல்லத்துக்குப் போன் செய்து சொன்னேன். எடுத்தவர் அங்கே தங்கியிருக்கும் ஒரு பெரியவர்.

“பண்டிகை இல்லாட்டி பரவால்ல மிஸ்ஸி. நாங்க சும்மா வந்து உக்காந்துட்டுப் போறோம்.”

ஆறு பேர் வேனில் வந்தார்கள். சோறும் பருப்பும் ஒரு கூட்டும் மட்டும் செய்திருந்தேன். போனில் பேசிய அந்தப் பெரியவர், என் கணவரின் நாற்காலியில் உட்காரப் போனவர், சட்டென்று தயங்கி நின்றார்.

“அதுலயே உக்காருங்கண்ணே,” என்றேன்.