திருப்ப முடியாத படம்

என் மனைவி ரத்தினம்மா மாடி ஏறும்போது மூச்சு வாங்கி ஏழாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். அதுதான் முதல் அறிகுறி. கர்ப்பப்பை எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இடது கெண்டைக்காலில் வீக்கம்.

"சீக்கிரம் பில் புக்கைக் கொண்டா, கீழே லாரி நிக்குது" என்று மேலேயிருந்து கத்தினேன்.

நான் பேரிகை என்ற ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஓசூரில் ஒரே ஒரு லேத்தோடு தொடங்கிப் பதினோரு எந்திரம் நிறுத்தியவன். காஸ்டிங், அதாவது வார்ப்புச் சாமான், எது வந்தாலும் கையில் எடுத்துச் சுற்றிலும் உருட்டிப் பார்ப்பேன். ஒரு பக்கம் கண்ணாடி போலிருக்கும், மறுபக்கம் ஊசித்துளை ஓடும். என் பட்டறைச் சாமானை எந்தக் கம்பெனியும் திருப்பி அனுப்பியதில்லை.

பெங்களூரில் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. பிறகு கை நரம்பில் கதிரியக்க மருந்து (நுரையீரலில் ரத்தம் ஓடும் இடத்தைக் காட்டுவது) ஏற்றிப் படம் எடுத்தார்கள். நுரையீரல் முழுசாகத்தான் தெரிந்தது. எனக்கு நிம்மதி.

டாக்டருக்கு நிம்மதி இல்லை. "தட்டைப் படம் யஜமானரே. ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சின்ன அடைப்பு மறைஞ்சுடும். இன்னொரு ஆஸ்பத்திரியில சுத்திச் சுத்தி எடுக்கிற கேமரா புதுசா வந்திருக்கு. முப்பரிமாணமாத் தெரியும். இன்னைக்கு இங்கயே படுக்க வையுங்க, நாளைக்கு அங்க கூட்டிப் போய் எடுத்துடலாம்."

"எந்திரத்தைப் பத்தி எனக்குச் சொல்றீங்களா சார்? படத்துலதான் ஒண்ணுமில்லையே."

ரத்தினம்மா டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். "காஸ்டிங்னா நாலு சுத்து சுத்திப் பாப்பாருங்க. நான் பொண்டாட்டிதானே."

அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். என் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு ஊட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை காபி டம்ளரை நீட்டியவள் அப்படியே சரிந்தாள். காலிலிருந்து கிளம்பிய ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள்.

இரண்டு வருடம் கழித்து, கால் முறிந்து மாவுக்கட்டோடு கிடந்த எனக்கும் மூச்சு வாங்கியது. அதே டாக்டரிடம் போனேன். இந்த முறை அவர் சொன்னதுமே படம் எடுக்கக் கையெழுத்துப் போட்டேன். இப்போது அங்கேயே வந்துவிட்டிருந்த அந்தக் கேமரா என்னை மெதுவாகச் சுற்றி வந்தது. அசையாமல் படுத்திருந்தேன்.

திரையில் என் நுரையீரல் சுழன்றது. முன்பக்கம் ஒன்றுமில்லை. பின்பக்கம் வந்ததும், அடியில் ஆப்பு அடித்தது போல ஓர் இருட்டு. அதுதான் கட்டி அடைத்த இடம்.

பையிலிருந்து ரத்தினம்மாவின் பழைய படத்தை எடுத்து நீட்டினேன். "இதையும் ஒரு சுத்து சுத்திக் காட்டுங்க சார்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "ஆகல்ல யஜமானரே, முடியாது. இது அப்படி எடுத்த படம் இல்ல."

படத்தை நானே திருப்பிப் பார்த்தேன். இடது வலமானது. அவ்வளவுதான்.

ஊசியும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையும் கொடுத்து என்னைப் பிழைக்க வைத்தார்கள். இதைப் படிக்கிறவர் வீட்டில் காலில் வீக்கமும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் உடனே ஓடுங்கள். இன்னொரு படம் வேண்டுமென்று டாக்டர் சொன்னால், என்னைப் போல வாயாடாமல் எடுத்துவிடுங்கள்.

இப்போது மாடி ஏறும்போது ஏழாவது படியில் உட்காருகிறேன். கீழே லாரி ஹாரன் அடிக்கிறது. மூச்சு வரும்வரை யாரையும் அவசரப்படுத்துவதில்லை. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டே உட்காருகிறேன்.