பால்கார அண்ணனின் இடக்கை

ஐம்பதை நெருங்கும் என் மகளின் இடக்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, அம்மை குத்திய தழும்பு ஒன்று உண்டு. ஈசூன் அடுக்குமாடி வீட்டில் அவள் துணி உலர்த்தக் கை தூக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். உடனே பால்கார அண்ணன் நினைவுக்கு வந்துவிடுவார்.

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்திருந்த காலம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய எங்கள் சந்துக்கு ஒரு தலைவரைச் சொல்லும்படி உத்தரவு வந்தது. ரேஷன் அரிசியைப் பங்கிடுவதும், அம்மை குத்தும் நாளில் எல்லாரையும் கூட்டிப்போவதும் அவர் வேலை. நின்றவர்கள் இருவர். ஒருவர் மருந்துக்கடைக்காரர், கிருமி, ஊசி எல்லாம் தெரிந்தவர், ஆனால் அவர் கடைத் தராசு எப்போதும் அவர் பக்கமே சாயும். மற்றவர் மாடு வைத்துப் பால் ஊற்றிய அண்ணன். பாலில் தண்ணீர் கலக்காத அதிசயப் பிறவி. ஆனால் அம்மை என்பது மாரியம்மன் விளையாட்டு, அதில் மனிதன் ஊசியோடு குறுக்கே போகக்கூடாது என்று முழுமனதாக நம்பியவர்.

அடுத்த சந்தில் அப்போது சில குழந்தைகளை அம்மை கொண்டுபோயிருந்தது. என் மகள் கைக்குழந்தை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் நான் எழுந்து, "அண்ணே, ஊசி போடுற அன்னிக்கு என் புள்ளயக் கூட்டிட்டுப் போவீங்களா, வேப்பிலை கட்டி வீட்டுலயே வெச்சிருவீங்களா?" என்று கேட்டேன்.

"அரிசி அளக்கப்போறவர்கிட்ட சாமியப் பத்தி என்னடா கேள்வி?" என்று பின்னாலிருந்து ஒருவர் அதட்டினார்.

அண்ணன் கோபப்படவில்லை. "ஊசி என் கைல ஏறாது தம்பி. உன் புள்ள விஷயம் உன்னோடது. நானே தூக்கிட்டுப் போறேன்" என்றார். அது போதுமென்று அவருக்குக் கை தூக்கினேன்.

போதவில்லை. தலைவரான அண்ணன் குறித்த நாளில் வீடு வீடாகப் போய் அழைத்து வந்தார். ஊசி மேசைக்கு முன் வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். "தலைவரே போட்டுக்கல. நாம மட்டும் எதுக்கு?" என்றாள் ஒருத்தி. என் மனைவியும் மகளை முந்தானைக்குள் மூடிக்கொண்டு திரும்பினாள். அறிவியலின் பிரதிநிதியாக நான் வழிகாட்டலாமென்று முன்னே போனேன். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தேன். சந்துக்காரர்களிடம் மிச்சமிருந்த துணிச்சலும் போயிற்று.

கண் விழித்தபோது அண்ணன் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தாயே, இவங்களுக்காக" என்று முணுமுணுத்துவிட்டு இடக்கையை நீட்டினார். அப்புறம்தான் வரிசை நகர்ந்தது. என் மகளை அவரே தூக்கிப் பிடித்தார். புண் ஆறும்வரை விரதமிருந்து அம்மனிடம் மன்னிப்புக் கேட்டார். நம்பிக்கை துளியும் மாறவில்லை. "அவ கோவிச்சுக்கிட்டா என்னைத்தானே கேப்பா" என்றார் என்னிடம்.

வேட்பாளரின் சாமியைப் பற்றிக் கேட்பது நாகரிகமில்லை என்கிறார்கள். நான் கேட்பேன். என்ன நம்புகிறார் என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த நம்பிக்கையும் ஊரின் உயிரும் எதிரெதிரே நின்றால் கையை நீட்டுவாரா என்று தெரிய வேண்டும்.

சென்ற வாரம் வாக்குக் கேட்டு ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். முழுக்கைச் சட்டை. நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பா, சும்மா இருங்க லா" என்று மகள் குறுக்கே வந்தாள். என்னைத் தடுக்க அவள் நீட்டியதும் அந்த இடக்கையைத்தான்.